ஒற்றைப்படை எண்கள்

பிப்ரவரி 8

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை எழுதுவது. நீங்களும் அண்ணியும் சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் தொடங்குகிறேன். இங்கே நாங்கள் இருவரும் நலம்.

தொலைபேசியில் உங்களோடு எதையும் பேசி முடிக்க முடியாது என்பதால்தான் கடிதம். முப்பத்தோரு வருடம் பாய்லர் அறையில் நீராவிச் சத்தத்துக்கு நடுவே நின்றவரின் காதில் போன வாரம் நான் கத்தியதற்கெல்லாம் "ஆங், நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்" என்றே பதில் வந்தது. நான் கேட்டது அண்ணி வீட்டில் இருக்கிறாரா என்று.

இதோடு ஒரு பொட்டலம் வரும். வீட்டிலேயே ரத்த அழுத்தம் பார்க்கும் மெஷின். பட்டையை மேல்கையில் சுற்றிப் பட்டனை அழுத்தினால் எண் தானாக வரும். அதற்கு முன் ஐந்து நிமிடம் நாற்காலியில் சாய்ந்து, பாதம் தரையில் பட, பேசாமல் உட்கார வேண்டும். தேநீர் குடித்ததும் பார்க்கக் கூடாது, சிகரெட் பிடித்ததும் பார்க்கக் கூடாது. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. தாளில் எழுதி எனக்கு அனுப்புங்கள்.

ஏன் என்று கேட்பீர்கள். வருகிற ஆகஸ்டில் உங்களுக்கு ஐம்பத்தெட்டு. அப்பா ஐம்பத்தெட்டில்தான், வேலைக்குக் கிளம்பும்போது சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே சாய்ந்தார். மூன்று பொத்தான் போட்டிருந்தார். மூளையில் ரத்தக்குழாய் வெடித்தது என்றார்கள். அதற்கு முன் தலைவலி தவிர அவருக்கு ஒன்றும் இருந்ததில்லை. உங்களுக்கும் தலைவலி வருகிறது என்று அண்ணி ஒருமுறை சொன்னது ஞாபகம் இருக்கிறது.

உப்பைக் குறையுங்கள். சிகரெட்டை விடுங்கள். நடங்கள். உங்கள் மாப்பிள்ளை, என் வீட்டுக்காரரைப் பாருங்கள்: மழையோ வெயிலோ, பதினைந்து வருடமாகத் தினம் ஐந்து கிலோமீட்டர் நடக்கிறவர். புகை கிடையாது, குடி கிடையாது, சாப்பாட்டில் உப்புப் போதவில்லை என்று ஒரு நாளும் சொன்னது கிடையாது.

அண்ணியின் முழங்கால் எப்படி இருக்கிறது? எழுதுங்கள்.

அன்புடன்,
தங்கை

*

பிப்ரவரி 22

என் கணக்கு டீச்சருக்கு,

அண்ணனின் ஆசிகள். இங்கே எல்லோரும் சௌக்கியம். உங்கள் இருவரின் சௌக்கியத்துக்கும் எழுது.

பொட்டலம் வந்தது. உன் அண்ணி பிரித்துப் பார்த்துவிட்டு, "உங்க தங்கச்சி கட்டுப் போடுற மெஷின் அனுப்பியிருக்கா. கை ஒடிஞ்சா உதவும், பத்திரமா வைங்க" என்றாள். பிறகு நான்தான் படம் பார்த்து விளக்கினேன்.

எனக்கு ஒன்று புரியவில்லை. இரண்டு வருடம் முன்னால் நீ இங்கே வந்திருந்தபோது எங்கள் ஆலையில் இலவசப் பரிசோதனை நடந்தது. நான் கிளம்பினேன். நீ என்ன சொன்னாய்? "நல்லா இருக்கிறவங்க எதுக்குண்ணா போய் வியாதியைத் தேடணும்? நூறு பேரைச் சோதிச்சா, பத்துப் பேருக்கு இல்லாத வியாதியை ஒட்டி அனுப்புவாங்க. எல்லாம் வியாபாரம்" என்றாய். புள்ளியியல் டீச்சர் சொல்கிறாளே என்று சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். மறுநாள் நீ சொன்னதை ஆலையில் சொன்னேன். இரண்டாவது பாய்லர் பார்க்கிற புகைக்கூண்டு கை தட்டினான். தினம் இரண்டு பாக்கெட் ஊதித் தள்ளுவதால் அவனுக்கு அந்தப் பெயர். வயது அறுபத்தொன்று, இன்றும் ஏணியில் குரங்கு மாதிரி ஏறுகிறான். அவனுக்கு ஒரு மெஷின் அனுப்ப வேண்டாமா?

சரி, நீ சொன்னபடியே செய்கிறேன். 126/82, 128/80, 124/82. மீதி தாளில் இருக்கிறது. பார்த்துச் சந்தோஷப்படு.

உன் கடிதத்தின் அடியில் மாப்பிள்ளை ஏன் எழுதவில்லை? வரைபட அலுவலகத்தில் திருத்தம் போடும் அந்தப் பச்சைப் பேனாவால் இரண்டு வரி எழுதாமல் அவர் உறையை ஒட்டவிட மாட்டாரே. போன தடவை, "மச்சான், பக்கத்தில் காது கேட்கிற ஆள் யாராவது இருந்தால் என் வணக்கத்தைச் சொல்லச் சொல்லுங்கள்" என்று எழுதியிருந்தார். அண்ணி இன்னும் சொல்லிச் சிரிக்கிறாள். முழங்கால் அப்படியே இருக்கிறது என்று எழுதச் சொன்னாள்.

ஆசிகளுடன்,
அண்ணன்

*

மார்ச் 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

கடிதமும் தாளும் வந்தன. உங்கள் உடம்பு நன்றாக இருப்பதாக அந்தத் தாள் சொல்கிறது. இங்கும் குறை ஒன்றுமில்லை.

ஆமாம், அப்படிச் சொன்னது நான்தான். ஒருத்தி தான் சொன்னதை மாற்றிக்கொள்ளக் கூடாதா? வயதாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் எண்கள் நல்ல எண்கள். ஐம்பத்தேழு வயதில், சிகரெட்டோடு, உங்கள் வீட்டு உப்போடு, இவ்வளவு நல்ல எண்களை நான் எதிர்பார்க்கவில்லை. தொடர்ந்து பாருங்கள். காலையில் எழுந்ததும் பின்னந்தலை வலிக்கிறதா? கண் மங்குகிறதா? மூச்சு வாங்குகிறதா? வெட்கப்படாமல் எழுதுங்கள். ஆண்கள் டாக்டரிடம் போகிற நாளே வீட்டுக்காரி இழுத்துக்கொண்டு போகிற நாள்தான் என்று எங்கள் கல்லூரி மருத்துவ அறையில் இருக்கும் நர்ஸ் சொல்வார். எனக்கு உங்களை இழுக்கக் கை எட்டவில்லை.

நான் இந்த மாதம் கல்லூரிக்கு விடுப்புப் போட்டிருக்கிறேன். ஓய்வு வேண்டியிருந்தது. அவருக்கு வேலை அதிகம், அதனால்தான் எழுதவில்லை. உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

சிகரெட் எத்தனை என்று நீங்கள் எழுதவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
தங்கை

*

மார்ச் 20

என் கணக்கு டீச்சருக்கு,

ஆசிகள். நாங்கள் நலமே. உங்கள் நலத்தைப் பற்றி நீ எழுதுவது தந்தி மாதிரி இருக்கிறது. நாலு வார்த்தை கூட எழுதினால் தபால்காரர் கோபிக்க மாட்டார்.

சிகரெட் ஐந்து. முன்பு பன்னிரண்டு. நம்புகிறவர்கள் நம்பலாம்.

உப்பு விஷயத்தில் வீட்டில் சண்டை. உன் கடிதத்தை உன் அண்ணிக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். அன்றிலிருந்து சாப்பாட்டில் ஒன்றும் இல்லை.

"என்னடி இது, துணி ஊற வச்ச தண்ணி மாதிரி இருக்கு?"

"உங்க தங்கச்சிதான் சொன்னா. அவளைக் கேளுங்க."

"அவ குறைக்கத்தானே சொன்னா, ஒழிக்கச் சொல்லலையே."

"எனக்குக் கணக்கெல்லாம் வராது. போட்டா போடுவேன், இல்லேன்னா விடுவேன்."

இப்படி நடக்கிறது எங்கள் வைத்தியம்.

நீ கேட்ட தலைவலி, கண் மங்கல் எதுவும் கிடையாது. போன வாரம் மூக்கிலிருந்து கொஞ்சம் ரத்தம் வந்தது. பாய்லர் சூடுதான். ஏணியில் ஏறும்போது ஒருமுறை படி இரண்டாகத் தெரிந்தது. கண்ணாடி மாற்ற வேண்டும். புகைக்கூண்டு பிடித்துக்கொண்டான்.

இந்த மாதத் தாள் இணைத்திருக்கிறேன். எல்லாம் 130-க்குக் கீழே. பார்த்தாயா?

மாப்பிள்ளைக்கு அப்படி என்ன வேலை? பச்சைப் பேனாவில் மை தீர்ந்துவிட்டதா? நீ ஏன் விடுப்பில் இருக்கிறாய்? உனக்குக் காய்ச்சல் வந்தபோதுகூட விடைத்தாள்களைக் கட்டிலுக்குக் கொண்டுவரச் சொன்னவள் நீ. ஓய்வு என்ற வார்த்தையை உன் கையெழுத்தில் இப்போதுதான் பார்க்கிறேன்.

உடம்பைக் கவனி.

ஆசிகளுடன்,
அண்ணன்

*

மார்ச் 29

அண்ணாவுக்கு,

சுகமா என்று கேட்பதற்கு முன் ஒன்று சொல்லிவிடுகிறேன்.

உங்கள் கடிதத்தின் தேதி மார்ச் 20. உறையில் தபால் முத்திரையும் மார்ச் 20. தாளில் 21-ஆம் தேதி காலை, மாலை, 22-ஆம் தேதி காலை, மாலை, நான்குக்கும் எண் இருக்கிறது.

சந்தேகம் வந்ததும் முதல் தாளையும் எடுத்தேன். இரண்டிலும் சேர்த்து நூற்று இருபத்து நான்கு எண்கள். ஒன்றுகூட ஒற்றைப்படை இல்லை. 126, 82, 128, 80. அந்த மெஷினுக்கு ஒற்றைப்படை மேல் விரோதம் எதுவும் கிடையாது அண்ணா. என்னிடமும் அதே மாதிரி ஒன்று இருக்கிறது. பாதி நாள் ஒற்றைப்படைதான் காட்டும்.

இரட்டைப்படையாகவே எண் போடுகிற இடம் எது என்று யோசித்தேன். சின்ன வயதில் உன் பாய்லர் அறைக்கு என்னைக் கூட்டிப் போனாயே, அங்கே அழுத்தம் காட்டும் கேஜில் 2, 4, 6, 8 என்று இரட்டைப்படையாகத்தான் எண் போட்டிருந்தது.

பொய் எழுதாதே. மூக்கில் ரத்தம் வந்தது என்கிறாய், படி இரண்டாகத் தெரிந்தது என்கிறாய், 126/82 என்கிறாய். நான் என்ன முட்டாளா? உனக்கு அப்பாவின் மூன்று பொத்தான் மறந்துவிட்டதா?

அண்ணிக்குத் தெரியுமா இது? உடனே பதில் எழுது.

தங்கை

*

ஏப்ரல் 14

தங்கைக்கு,

ஆசிகள். உடம்பு பரவாயில்லை. உன் கோபம் குறைந்திருக்கும் என்று நினைத்து எழுதுகிறேன். குறையவில்லை என்றாலும் படி.

நீ கண்டுபிடித்தது சரி. எங்கள் வேலையின் வழக்கம் ஒன்று உண்டு. வேலை நேரம் தொடங்கும்போது பதிவேட்டைத் திறந்து, எட்டு மணி நேரத்துக்கும் நீராவி அழுத்தம் ஏழரை, ஏழரை, ஏழரை என்று முதலிலேயே எழுதி வைத்துவிடுவோம். மணிக்கு மணி போய்ப் பார்த்து எழுத வேண்டும் என்றுதான் சட்டம். முப்பத்தோரு வருடத்தில் அந்த ஊசி ஏழரையை விட்டு நகர்ந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. நான் மட்டுமில்லை, எல்லோரும் அப்படித்தான். மேற்பார்வையாளருக்கும் தெரியும். உன் தாளைப் பார்த்ததும் கை தானாக அதையே செய்தது. தாள் தீரும் வரை எழுதிவிட்டேன். உட்கார்ந்து ஏமாற்றினேன் என்று நினைக்காதே.

முதல் நாள் மட்டும் பட்டையைக் கட்டிப் பார்த்தேன். அது ஒரு எண் காட்டியது. என்ன எண் என்று கேட்காதே. எங்கள் பாய்லரில் ஊசி அப்படிக் காட்டினால், முதலில் ஊசியைத்தான் சந்தேகப்படுவோம். மெஷின் கோளாறு என்று பெட்டியில் போட்டு அலமாரிக்கு மேலே வைத்துவிட்டேன். உன் அண்ணிக்குத் தெரியாது. அவள் முழங்காலோடு ஸ்டூலில் ஏற மாட்டாள்.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். உனக்குக் கல்யாணமாகிப் பதினெட்டு வருடம். மாப்பிள்ளையின் பச்சை வரி இல்லாமல் உன் கடிதம் வந்ததில்லை. இப்போது மூன்று வந்துவிட்டது. ஒன்றில் அவருக்கு வேலை அதிகம் என்கிறாய். ஒன்றில் அவரைப் பற்றிப் பேச்சே இல்லை. "இருவரும் நலம்", "குறை ஒன்றுமில்லை."

நீயும் பார்க்காமலேயே எழுதுகிறாயா?

ஆசிகளுடன்,
அண்ணன்

*

ஏப்ரல் 21

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நலமாக இருங்கள்.

அவர் நன்றாக இருக்கிறார். தினமும் நடக்கிறார். ஐந்து கிலோமீட்டர் இல்லை, இப்போது கொஞ்சம் குறைத்திருக்கிறார். சாப்பிடுகிறார். உங்கள் கடிதங்களைப் படித்துக் காட்டினேன். உப்புச் சண்டைக்குச் சிரித்தார்.

என்னை விடுங்கள். முதல் நாள் அந்த மெஷின் காட்டிய எண் என்ன? அதை மட்டும் எழுதினால் போதும். ஒரு வரிதான். அஞ்சலட்டையில்கூட எழுதலாம்.

அண்ணிக்கு என் அன்பு.

தங்கை

*

மே 23

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் சுகத்தை விசாரித்து ஒரு மாதம் ஆகிறது. பதில் இல்லை. போன ஞாயிறு அண்ணியை அழைத்தேன். "சாப்பிடுறார், தூங்குறார், வேலைக்குப் போறார். கடுதாசி மட்டும் எழுத மாட்டேங்குறார். இரு, தர்றேன்" என்று உங்களிடம் கொடுத்தார். "ஆங், நல்லா இருக்கேன்" என்றீர்கள். வைத்துவிட்டீர்கள்.

நீங்கள் எதற்காகக் காத்திருக்கிறீர்கள் என்று தெரியும். எழுதுகிறேன்.

ஜனவரி பதினொன்றாம் தேதி, காலை ஏழு மணி. அவர் நடந்துவிட்டு வந்து, கதவுக்குப் பக்கத்திலிருக்கும் ஸ்டூலில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார். "இந்த முடிச்சு அவிழ மாட்டேங்குது பாரேன்" என்று சிரித்தார். நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். தலை நிமிராமல், "இழுத்தா வந்துடும்" என்றேன். மறுபடியும் ஏதோ சொன்னார். இந்த முறை வார்த்தைகள் குழைந்து வந்தன. நிமிர்ந்து பார்த்தபோது வலது கை வேறு யாருடையதோ போல மடியில் கிடந்தது.

ஆஸ்பத்திரியில் 212/118. டாக்டர் சின்ன வயதுக்காரர்.

"வழக்கமா எவ்வளவும்மா இருக்கும்?"

"தெரியாது."

"கடைசியா எப்பப் பார்த்தீங்க?"

"பார்த்ததே இல்லை. தினமும் நடப்பார், வேற ஒண்ணும்..."

"நடக்கிறது நல்லதுதாம்மா. ஆனா நடக்கிறவங்களுக்கும் பிரஷர் இருக்கும். அது வெளிய தெரியாது. பட்டையைச் சுத்திப் பார்த்தாத்தான் தெரியும்."

அவ்வளவுதான் சொன்னார். குற்றம் சாட்டவில்லை. சாட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

உங்கள் ஆலையில் பரிசோதனை நடந்த அதே வருடம் அவர் அலுவலகத்திலும் நடந்தது. படிவத்தை நிரப்பி எடுத்து வந்து, "என்ன சொல்றே, போகட்டுமா?" என்றார். உங்களிடம் சொன்னதையே சொன்னேன். நூறு பேர், பத்துப் பேர், வியாபாரம். அவர் வாதாடுகிற ஆள் இல்லை. "சரி, இதுக்காவது ஆகட்டும்" என்று படிவத்தை நான்காக மடித்து, ஆடிக்கொண்டிருந்த சாப்பாட்டு மேசையின் காலுக்கு அடியில் வைத்தார். மேசை ஆடுவது நின்றது. அது இன்னும் அங்கேயே இருக்கிறது. பெருக்கும்போதெல்லாம் தெரிகிறது.

நான் சொன்ன வாதத்தில் கணக்குப் பிழை இல்லை அண்ணா. சில சோதனைகளுக்கு அது இன்றும் பொருந்தும். கையில் சுற்றும் ஒரு பட்டைக்குப் பொருந்தாது. எதை எங்கே பொருத்துவது என்று இருபது வருடம் வகுப்பில் சொல்லிக்கொடுத்தவள் நான்.

ஏன் மறைத்தேன்? நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். "அவ்வளவு நடந்த மனுஷனுக்கே இப்படின்னா, புகைக்கூண்டு பண்றதுதான் சரி" என்பீர்கள். உங்களிடம் காட்ட என் கையில் இருந்த ஒரே சாட்சி அவர்தான். அந்தச் சாட்சியைக் கெடுக்க மனம் வரவில்லை. அதனால் அவரைப் பதினைந்து வருடமாக நடக்கிறவராகவே வைத்திருந்தேன்.

நடக்கிறார் என்று எழுதியது முழுப் பொய் இல்லை. கட்டிலிலிருந்து சன்னல் வரை. பதினோரு அடி. பேச்சு பெரும்பாலும் திரும்பிவிட்டது. வலது கை திரும்பவில்லை. படம் வரைந்து சம்பாதித்த கை. வேலை நாட்களில் பகலுக்கு ஓர் ஆள் வைத்திருக்கிறேன். காலையில் தூக்கி உட்கார வைப்பது, குளிப்பாட்டுவது, மாத்திரை எல்லாம் நான்தான். முதுகு வலிக்கிறது. அதுவும் பழகிவிடும்.

இரண்டு மெஷின் வாங்கினேன். ஒன்று இவருக்கு, ஒன்று உங்களுக்கு. இனி உங்களுக்குக் காட்ட என்னிடம் நல்ல உதாரணம் எதுவும் இல்லை. மெஷினை அலமாரியிலிருந்து இறக்குங்கள் என்று கேட்கத்தான் முடியும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எழுதி எழுதி எனக்கே அந்த வார்த்தை சலித்துவிட்டது.

தங்கை

*

ஜூன் 2

அன்புள்ள நாத்தனாருக்கு,

அண்ணி எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கவே எனக்கு வாய் வரவில்லை. எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கம் இல்லை. தப்பிருந்தால் சிவப்பு மையால் திருத்தாதே.

உன் கடிதத்தை உங்க அண்ணன் அடுப்படியில் நின்றபடியே மூன்று தடவை படித்தார். பிறகு ஸ்டூலைப் போட்டு அலமாரி மேலேயிருந்து பெட்டியை இறக்கினார். "இது எப்ப அங்க போச்சு? கெட்டுப்போச்சு, ரிப்பேருக்குக் கொடுத்திருக்கேன்னீங்களே" என்றேன். "முதல்ல நீ கட்டு" என்றார். எனக்குப் பார்த்தால் 119/74. "அப்ப மெஷின் நல்லாத்தான் இருக்கு" என்றார். பிறகு தனக்குக் கட்டிக்கொண்டார். 193/111. மாசி மாதம் முதன்முதலாகப் பார்த்தபோதும் கிட்டத்தட்ட இதுதானாம்.

மறுநாள் ஆலை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். அங்கிருந்த டாக்டரம்மா, "எப்படிங்க இத்தனை நாள் ஏணியில ஏறினீங்க?" என்றார். இவர் "ஆங், நல்லா இருக்கேன்" என்றார். டாக்டரம்மா என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். ரத்தம், சிறுநீர், நெஞ்சுப் படம், கண், எல்லாம் எடுத்தாயிற்று. சிறுநீரகத்தில் கொஞ்சம் பாதிப்பு தொடங்கியிருக்கிறதாம். இப்போதே வந்ததால் பிடித்து நிறுத்தலாம் என்றார். இரண்டு மாத்திரை. ஏணி கூடாது. சிகரெட் கூடாது.

இவருக்கு வியாதிமேல் கோபம் இல்லை. உன்மேல்தான். "அஞ்சு மாசமா ஒத்தையா அந்த மனுஷனைத் தூக்கி உட்கார வச்சிருக்கா. நான் இங்க உட்கார்ந்து பச்சை மை ஏன் வரலேன்னு கேட்டு எழுதிட்டு இருந்திருக்கேன்" என்று திட்டுகிறார். திட்டிக்கொண்டே முகத்தைத் துடைத்துக்கொண்டார். உடனே ரயிலேறப் போகிறேன் என்றார். நூற்றைம்பதுக்குக் கீழே வந்து நிற்கட்டும், அப்புறம் போகலாம் என்று டாக்டரம்மா தடுத்துவிட்டார். இப்போது காலையிலும் மாலையிலும் பரீட்சை எழுதுகிற பிள்ளை மாதிரி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். பேசினால் கை காட்டி அடக்குகிறார்.

நீ சாப்பிடுகிறாயா? வேளைக்குச் சாப்பிடு.

அண்ணி

*

ஜூன் 24

என் கணக்கு டீச்சருக்கு,

ஆசிகள். இருவரும் எப்படி இருக்கிறீர்கள்? இந்த முறை உண்மையாக எழுது.

திட்டி நாலு பக்கம் எழுதினேன். உன் அண்ணி பார்த்துவிட்டு, "அவளே ஓய்ஞ்சு போயிருக்கா, இது வேறயா?" என்று கிழித்துவிட்டாள். ஒன்று மட்டும் சொல்கிறேன். அவர் நடந்ததால் என்ன பயன் என்று நான் சொல்லியிருப்பேன் என்று எழுதியிருந்தாயே, உண்மைதான். சொல்லியிருப்பேன். அதற்காக வெட்கப்படுகிறேன்.

தாள் இணைத்திருக்கிறேன். 171/103. 167/99. 169/101. 158/96. பன்னிரண்டாம் தேதி மாலை மறந்துவிட்டேன், அந்தக் கட்டம் காலியாக இருக்கிறது. பதினைந்தாம் தேதி அண்ணியோடு சண்டை, 174. உப்புக்காக இல்லை, வேறு சண்டை. நேற்று 153/93. இன்று காலை 149. நூற்றைம்பதுக்குக் கீழே இந்த ஒன்றுதான் வந்திருக்கிறது, இரண்டு வாரம் அப்படியே நிற்க வேண்டுமாம்.

சிகரெட் இல்லாமல் இருபத்து மூன்று நாள். புகைக்கூண்டு என் எதிரில் பிடிப்பதில்லை. மெஷினைக் கொண்டுவா, எனக்கும் ஒருமுறை பார்க்கலாம் என்றான். கொண்டுபோனேன். பட்டையைக் கட்டும்போதே கையை உதறிக்கொண்டு போய்விட்டான். நாளை மறுபடி கேட்பேன்.

இன்னொன்று. வீட்டில் இப்படி உட்கார்ந்து பார்த்து எழுதிவிட்டு, ஆலையில் அந்தப் பதிவேட்டை முன்னாலேயே நிரப்பக் கை வரவில்லை. மணிக்கு மணி போய்ப் பார்த்தேன். ஏழரை. அடுத்த மணியும் ஏழரை. நான் பயந்த மாதிரி எதுவும் இல்லை. இத்தனை வருடமும் பார்க்காமலே சரியாகத்தான் எழுதியிருக்கிறேன் போலிருக்கிறது. அது ஏன் எனக்கு வருத்தமாக இருந்தது என்று தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை ஒருமுறை ஏழு புள்ளி ஒன்று காட்டியது, அப்படியே எழுதினேன். மேற்பார்வையாளர் ஓடி வந்துவிட்டார். "என்னய்யா ஆச்சு? எதுக்கு இப்படி எழுதினே?" என்றார். "அப்படித்தான் இருந்துச்சு" என்றேன். அவர் நம்பவில்லை.

கேட்கிற இடத்தில் மாப்பிள்ளையை உட்கார வைத்து இதைப் படித்துக் காட்டு. மச்சான் வருகிறான் என்று சொல்.

ஆசிகளுடன்,
அண்ணன்

*

ஜூலை 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் தாளை மூன்று முறை பார்த்தேன். ஒற்றைப்படை, இரட்டைப்படை, காலிக் கட்டம் எல்லாம் இருக்கின்றன. இதைவிட அழகான தாளை என் மாணவர்கள் யாரும் எனக்குத் தந்ததில்லை. இப்படியே நலமாக இருங்கள்.

மாத்திரை சாப்பிட்டால் ஒன்றும் வராது என்று நான் எழுத மாட்டேன். வருவதற்கான வாய்ப்பு குறையும். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். நடந்ததால்தான் அவர் பிழைத்தார் என்று இங்கே ஒரு டாக்டர் சொன்னார். ஆறுதலுக்காகச் சொன்னாரா, உண்மையா என்று கேட்கவில்லை. கேட்காமல் விட்டது என் பழக்கத்துக்கு மாறானது.

அவர் இப்போது சன்னலைத் தாண்டிச் சமையலறை வரை வருகிறார். இடது கையால் பட்டையைச் சுற்றிப் பட்டன் அழுத்தப் பழக வேண்டும் என்று பயிற்சியாளர் சொன்னார். தன் கையில் தானே கட்டிக்கொள்ள அவரால் முடியாது என்பதால், ஒரு வாரமாக மாலையில் என் கையை நீட்டுகிறேன். கட்டி, அவிழ்த்து, மறுபடி கட்டுகிறார். விரல்களுக்குப் பயிற்சிதான், எண்ணை நான் பார்ப்பதில்லை. பார்க்கவும் நேரமில்லை, அதற்குள் அடுப்பில் ஏதாவது பொங்கிவிடும்.

நீங்கள் வரும்போது மேசையைக் கொஞ்சம் தூக்கிப் பிடியுங்கள். கீழே இருப்பதை எடுத்துவிட்டு வேறு ஏதாவது வைக்க வேண்டும். தனியாக முடியவில்லை.

நான் நன்றாக இருக்கிறேன். தலைவலிதான் கொஞ்சம், தூக்கம் போதாததால். அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
தங்கை

பி.கு. இரண்டு வரி எழுத இடம் விடச் சொல்கிறார். விட்டிருக்கிறேன். பச்சைப் பேனாவைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். நான் பார்க்கக் கூடாதாம், தானே உறையில் போட்டு ஒட்டுவாராம். இடது கை, கோணலாகத்தான் இருக்கும். பொறுத்துப் படியுங்கள்.

மச்சான். உங்க தங்கச்சி 167/101. ஏழு நாளும் பார்த்தேன்.
சொல்ல மாட்டா. சீக்கிரம் வாங்க.